ஹார்ட் டிஸ்குக்கும் உண்டு பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்றால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1959-இல் வந்த சிவாஜி படம். அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத் திண்ணை. முதலாவதோடு சம்பந்தமில்லாத, ஆனால் இரண்டாவதைப் பெரிதும் ஒத்த ஒரு பாகப்பிரிவினையைப் பற்றி இன்று எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்கின் பாகப்பிரிவினை. ஆங்கிலத்தில் பார்ட்டிஷன் என்கிறார்கள். சொத்துக்கும் அதே சொல்தான்.

கணினிக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் நடுவில் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் பென்ஷன் வாங்கும் வயதில் பேரக்குழந்தைகளின் படங்களையும் பழைய கேசட்டுகளையும் பெரிய டிஸ்கில் போட்டு பீரோவில் வைத்திருப்பவர்கள் தாண்டாமல் படித்தால் நல்லது.

என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், ஆரணிப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். ஊரில் அவருக்குத் தமிழய்யா என்று பெயர். பள்ளி வேலை போக அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் தெருக்கூத்து. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் செய்யாறு, ஆரணி, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. மாமா சைக்கிளில் டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒன்றல்ல, இரண்டு. தொண்ணூறு நிமிட கேசட்டுக்குப் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். திருப்பிப் போடுகிற நேரத்தில் ஒரு விருத்தத்தின் கடைசி அடி போய்விடக் கூடாது என்று, ஒன்று முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்பே மற்றதை ஓடவிடுவார். இரவு பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்தால் விடியும் வரை கூத்து. ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு கேசட். சம்பளத்தில் பாதி கேசட்டுக்கும் பேட்டரிக்கும் போகிறது என்று அக்கா என்னிடம் புலம்பாத தீபாவளி இல்லை.

பின்னால் கையடக்க வீடியோ கேமரா வந்தது. மினி டிவி என்ற சின்ன கேசட். ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தார். அறுநூறுக்கு மேல் ஒலி கேசட், நூற்றைம்பது வீடியோ கேசட். சுருக்காமல் சேமித்தால் ஒலி ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட் பிடிக்கும். மினி டிவி வீடியோ மணிக்குச் சுமார் 13 ஜிகாபைட். ஸ்கேன் செய்த நோட்டுப் புத்தகங்களும் சேர்ந்து இரண்டே முக்கால் டெராபைட்டுக்குப் பக்கம் வந்தது. அதனால்தான் அந்தக் காலத்தில் பெரிது என்று சொல்லப்பட்ட 4 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். கருப்புப் பெட்டி, தனி அடாப்டர், யுஎஸ்பி வயர். எக்ஸ்பி போட்ட பழைய கணினியில் செருகியதும் வேலை செய்தது. மாமா ஆறு வருடம் அதில் எழுதினார். பிறகு காலமானார்.

அவர் போன அடுத்த கோடையில் ஊரில் ஒருநாள் மின்சாரம் எகிறியது. அக்கா வீட்டில் டியூப் லைட், மிக்ஸி, இந்தப் பெட்டி மூன்றும் போயின.

"டேய் தம்பி, மாமா பொட்டி எரிஞ்சிபோச்சிடா" என்று போன். "டவுன்ல கடையில காட்டினேன். உள்ள டிஸ்க்கு ஓடுது, ஆனா உடைஞ்சி கெடக்குது, ஃபார்மேட் பண்ணாத்தான் ஆவும்ன்றான். பண்ணச் சொல்லட்டா?"

"வேண்டாம்க்கா. யாரையும் தொட விடாதே. அப்படியே துணியில சுத்தி வை, நான் வரேன்."

இதில் அவசரமும் ஒன்று இருந்தது. கர்ணன் வேஷத்துக்குப் பேர்போன ஒரு கூத்துக்காரர் இருந்தார். இறந்து இருபது வருடத்துக்கு மேல். அவர் மகன் இப்போது சொந்தமாக ஜமா வைத்திருக்கிறார். அப்பாவின் குரல் எந்த ரேடியோவிலும் இல்லை, எந்தக் கம்பெனி கேசட்டிலும் இல்லை. தமிழய்யா 1989-இல் பதிவு செய்த ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டு வந்திருந்தார். அக்கா தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மூல கேசட்டுகளில் பெரும்பாலானவை பூஞ்சை பிடித்து ஒட்டிப்போனதால், கணினிக்கு மாற்றியதும் மாமாவே தூக்கிப் போட்டுவிட்டார். ஆக, உலகத்தில் அந்தக் குரல் இருந்தது அந்தக் கருப்புப் பெட்டிக்குள் மட்டும்.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் செய்தது எவரும் செய்வதுதான். பெட்டியைப் பிரித்து, டிஸ்கை மட்டும் எடுத்து, நேராக ஒரு கணினியின் சாட்டா வயரில் மாட்டியிருக்கிறார். டிஸ்க் சுழன்றது. விண்டோஸ் பார்த்துவிட்டு, 500 ஜிபி அளவில் ஒரு பார்ட்டிஷன் இருக்கிறது, அதைத் திறக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. மீதி மூன்றரை டெராபைட் காலி நிலம் என்றது. இதைப் பார்க்கிற யாருக்கும் அட்டவணை கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும்.

எனக்கும் அதே காட்சிதான் தெரிந்தது, லினக்ஸில். எஃப்டிஸ்க் கட்டளையைப் பார்க்க மட்டும் கொடுத்தேன். மொத்தம் 4,000,787,030,016 பைட். 512 பைட் செக்டராக எண்ணினால் 7,814,037,168. பார்ட்டிஷன் ஒன்றுதான். தொடக்கம் 256-ஆம் செக்டர். அளவு 465.8 ஜிபி. வகை, என்டிஎஃப்எஸ். டிஸ்கின் உடல்நிலையை ஸ்மார்ட்சிடிஎல் மூலம் கேட்டேன். மாற்றி எழுதப்பட்ட செக்டர் பூஜ்யம். அதாவது எரிந்தது பெட்டியின் மின்பலகைதான், டிஸ்க் ஆரோக்கியம்.

இந்த 465.8 என்ற எண் என்னை உறுத்தியது. அந்தக் கட்டளை காட்டும் ஜிபி 1024-இன் மடங்குக் கணக்கு. கடையில் சொல்லும் ஆயிரத்தின் மடங்குக் கணக்கில் அது சரியாக 500 ஜிபி. நாலாயிரத்தில் ஐந்நூறு. எட்டில் ஒரு பங்கு. கெட்டுப்போன அட்டவணையில் ஏதோ ஒரு குப்பை எண் இருக்கும். இப்படித் துல்லியமாக எட்டில் ஒன்று என்று இருக்காது.

இங்கே கொஞ்சம் பழங்கதை. பிசியில் ஹார்ட் டிஸ்க் வந்த காலத்தில், 1983-இல், ஐபிஎம் எக்ஸ்டி என்ற கணினியோடு கிடைத்தது 10 மெகாபைட் டிஸ்க். அதே ஆண்டு வந்த டாஸ் 2.0-இல் டிஸ்கைப் பாகம் பிரிக்கும் அட்டவணை ஏற்பட்டது. எம்பிஆர் என்று இப்போது சொல்வது அதைத்தான். டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். கணினியைக் கிளப்பும் நிரலுக்கு 446 பைட். நான்கு பாகங்களுக்குத் தலா 16 பைட், ஆக 64. கடைசி இரண்டு பைட் முத்திரை. அந்த 16 பைட்டுக்குள் பாகம் எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் என்று எழுத ஒவ்வொன்றுக்கும் 32 பிட்தான் இடம். 32 பிட்டில் எழுதக்கூடியது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதை 512-ஆல் பெருக்கினால் 2.2 டெராபைட். அதற்கு மேல் எழுத அட்டவணையில் இடமே கிடையாது. பத்து மெகாபைட்டே பெரிது என்றிருந்த காலத்தில் இரண்டு லட்சம் மடங்குக்கு இடம் விட்டு வைத்தவர்களைக் குறுகிய புத்திக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் தொலைபேசித் துறையில் சேர்ந்தபோது ஐந்திலக்க எண்ணே எங்கள் ஊருக்குத் தாராளம் என்றார்கள்.

சரி, எம்பிஆர் அட்டவணையால் 2.2 டெராபைட்டுக்கு மேல் முடியாது. மாமா எக்ஸ்பியில் நான்கு டெராபைட்டையும் ஒரே பாகமாக வைத்திருந்தார். எக்ஸ்பிக்கோ எம்பிஆர் தவிர வேறொன்றும் தெரியாது. அப்படியானால் இது எப்படி நடந்தது?

பதில் எரிந்துபோன பெட்டியில் இருந்தது. பெரிய டிஸ்குகள் வந்த புதிதில், எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கும் விற்கவேண்டுமே என்று, சில வெளிப்பெட்டிகளின் மின்பலகையில் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தார்கள். டிஸ்கில் உள்ள எட்டு 512 பைட் செக்டர்களை ஒன்றாகக் கட்டி, 4096 பைட் கொண்ட ஒரே செக்டர் என்று கணினியிடம் சொல்லிவிடும். செக்டர்களின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும். 32 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். எக்ஸ்பியும் மகிழ்ச்சியாக எழுதும். பெட்டி இருக்கும் வரை எந்தக் குழப்பமும் கிடையாது.

அட்டவணையில் ஒரு குறை உண்டு. அதில் 256 என்று எழுதியிருக்கும். 256 எந்த அளவு என்று எழுதியிருக்காது. நம் பழைய பத்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். குழி என்று இருக்கும். குழிக்கு ஊருக்கு ஒரு கணக்கு. எந்தக் கோலால் அளந்தது என்று தெரியாமல் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரப்பைத் தேடினால் அடுத்தவன் கொல்லையில் போய் நிற்போம். பெட்டி எட்டு மடங்கு நீளமான கோலால் அளந்து பத்திரம் எழுதியிருந்தது. பெட்டி போனதும் கோலும் போயிற்று. சாட்டா வயரில் மாட்டிய கணினி தன் சின்னக் கோலை எடுத்து அளந்தது. பாகம் எட்டில் ஒன்றாகச் சுருங்கியது, தொடக்கமும் தவறான இடத்தில் விழுந்தது. உள்ளே பயிர் அப்படியேதான் இருந்தது.

ஊகம் போதாது, சாட்சி வேண்டும். எழுத்துப் பிழை வந்தாலும் டிஸ்கில் எதுவும் எழுதிவிடாதபடி முதலில் பிளாக்டெவ் கட்டளையால் அதைப் படிக்க மட்டும் என்று பூட்டினேன். பிறகு ஹெக்ஸ்டம்ப் மூலம் பைட்டுகளை நேராகப் பார்த்தேன். 256-ஐ 512-ஆல் பெருக்கினால் 131,072. அந்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள். 256-ஐ 4096-ஆல் பெருக்கினால் 1,048,576, அதாவது சரியாக ஒரு மெகாபைட். அங்கே போனதும் திரையின் வலப்பக்கம் என்டிஎஃப்எஸ் என்ற நான்கு எழுத்தும் பளிச்சென்று நின்றன. சில பைட் தள்ளி, செக்டர் எத்தனை பைட் என்று அந்தக் கோப்பு முறையே எழுதி வைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதில் 00, 10 என்று இரண்டு பைட். பின்னிருந்து முன்னாகப் படித்தால் பதினாறடிமானத்தில் 1000. நம் கணக்கில் 4096. அட்டவணை எழுதாமல் விட்ட அளவுகோலை வீட்டுக்குள் இருந்தவன் எழுதி வைத்திருந்தான்.

அக்காவிடம், "எல்லாம் இருக்கு போல தெரியுதுக்கா" என்றேன். அவள் நம்பவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "போலன்னா என்னடா அர்த்தம்?" என்றாள். தமிழாசிரியர் வீட்டில் நாற்பது வருடம் இருந்தவள்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுவார்கள். அட்டவணையைத் திருத்தி எழுதினால் சரியாகிவிடுமே என்று கை துறுதுறுக்கும். 256-க்குப் பதில் 2048 என்று போட்டு, அளவையும் எட்டால் பெருக்கினால் ஆயிற்று. ஆனால் அந்தப் பெருக்கிய எண் 32 பிட்டில் அடங்காது. ஜிபிடி என்ற புது அட்டவணைக்குத்தான் மாற்றவேண்டும். அப்படி மாற்றினாலும் உள்ளே 4096 என்று எழுதிவைத்த கோப்பு முறையை 512 டிஸ்கில் எல்லா கணினியும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பிரதி இருக்கிற பொருளில் எழுதக் கூடாது என்பது தொலைபேசி நிலையத்தில் கட்டண விவரம் பதிவான காந்த நாடாக்களோடு காலம் தள்ளிய எனக்கு ரத்தத்தில் ஊறியது. ஆகவே, முதலில் முழு டிஸ்கையும் பைட் பைட்டாக வேறு இடத்தில் பிரதி எடுப்பது. அதற்கு இன்னும் பெரிய டிஸ்க் வேண்டும். மருமகன் பெங்களூரிலிருந்து 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை வாங்கி அனுப்பினான்.

புது டிஸ்கைப் பாகம் பிரிப்பதிலும் சொல்ல விஷயம் இருக்கிறது. என் பழைய கணினியில் இருந்த லினக்ஸும் பழையது. அதில் உள்ள எஃப்டிஸ்க், இந்த டிஸ்க் 2,199,023,255,040 பைட்டைவிடப் பெரிது, டாஸ் அட்டவணை உதவாது, பார்ட்டட் கொண்டு ஜிபிடி அட்டவணை போடு என்று எச்சரித்து நின்றது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் போயிருந்தால் எட்டில் இரண்டே கால்கூடத் தேறியிருக்காது. எஃப்டிஸ்கே ஜிபிடி போடக் கற்றுக்கொண்டது 2013 வாக்கில்தான். அதற்கு முன் பார்ட்டட், இல்லாவிட்டால் ராட்ரிக் ஸ்மித் என்பவர் எழுதிய ஜிடிஸ்க். எனக்குப் பார்ட்டட் பழக்கம். எம்கேலேபல் என்று கொடுத்து ஜிபிடி. அடுத்து எம்கேபார்ட் என்று கொடுத்து, தொடக்கம் ஒரு மெகாபைட், முடிவு நூறு சதவீதம். அவ்வளவுதான். ஜிபிடியில் எண்ணுக்கு 64 பிட் இடம். நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் போதும். நான்கு பாகம் என்ற கட்டுப்பாடும் இல்லை; வழக்கமாக 128 வரை போகலாம். இன்னொரு நல்ல குணம், அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். ஆனால் செக்டரின் அளவைப் பொறுத்தவரை அதுவும் கணினி சொல்வதைத்தான் நம்புகிறது. ஆகவே பெட்டி மாற்றினால் ஜிபிடி டிஸ்கிலும் இந்தக் கூத்து நடக்கலாம்.

தொடக்கத்தை ஒரு மெகாபைட்டில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எஃப்டிஸ்க் 63-ஆம் செக்டரில் பாகத்தைத் தொடங்கும். இன்றைய பெரிய டிஸ்குகள் வெளியே 512 என்று சொன்னாலும் உள்ளே 4096 பைட் கட்டமாகத்தான் எழுதுகின்றன. 63 எட்டால் வகுபடாது. அதனால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும்; ஒன்றை எழுத இரண்டைப் படித்துத் திருத்தவேண்டும். டிஸ்க் கெடாது, ஆனால் நொண்டும். ஒரு மெகாபைட், அதாவது 2048-ஆம் செக்டர், எல்லா அளவுக்கும் பொருந்தும்.

அடுத்து கோப்பு முறை, எக்ஸ்ட்4. இதில் பெரிய டிஸ்க் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று. எதுவும் சொல்லாவிட்டால் மொத்த இடத்தில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். கணினி ஓடும் டிஸ்க் நிரம்பி மூச்சு முட்டாமல் இருக்க ஏற்பட்ட வழக்கம். நாற்பது ஜிபி டிஸ்கில் அது இரண்டு ஜிபி. எட்டு டெராபைட்டில் 400 ஜிபி! மாமாவின் ஒலி கேசட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே அடங்கும். வெறும் சேமிப்பு டிஸ்கென்றால் எம் என்ற விருப்பத்தில் பூஜ்யம் என்று கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

பிரதி எடுக்க டிடிரெஸ்க்யூ. படிக்க முடியாத இடம் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். நொடிக்கு 120 மெகாபைட் என்றால் நான்கு டெராபைட்டுக்கு ஒன்பதேகால் மணி நேரம்; உள்வட்டங்களுக்குப் போகப் போக வேகம் குறையும். அக்கா வீட்டுக் கூடத்தில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். மாமாவின் சாய்வு நாற்காலி அங்கேயே இருந்தது. யாரும் உட்காருவதில்லை. காலை ஏழரைக்குப் பார்த்தபோது பிழை பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு நின்றது. அசல் டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை மாமாவின் கண்ணாடி இருந்த பெட்டியில் வைத்தாள்.

இனி வேலை பிரதியில். பென் டிரைவிலிருந்து புதிய லினக்ஸைக் கிளப்பினேன். லூசெட்அப் என்று ஒரு கட்டளை. ஒரு கோப்பை டிஸ்க் போல பாவிக்கச் செய்யும். புதிய பதிப்புகளில் அதற்கு செக்டரின் அளவையும் சொல்லலாம். படிக்க மட்டும், செக்டர் 4096 பைட், உள்ளே உள்ள பாகங்களைத் தேடு என்று மூன்று விருப்பங்களோடு கொடுத்தேன். எரிந்துபோன பெட்டி செய்துகொண்டிருந்த வேலையை இப்போது ஒரு வரி செய்தது. எல்எஸ்பிஎல்கே போட்டுப் பார்த்தால் 3.6 டெராபைட்டில் ஒரே பாகம். அதை மவுண்ட் செய்ததும், மாமா தமிழில் பெயரிட்டு வைத்த அறைகள் வரிசையாக வந்தன. பெருங்கட்டூர், 1986. புரிசை, 1987. ஊர், ஆண்டு, அன்றைய கூத்தின் பெயர். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதுவதைப் போலவே எழுதியிருந்தார்.

ஒன்று சொல்லவேண்டும். எல்லாப் பெட்டியும் இப்படி இரக்கம் காட்டாது. சில பெட்டிகளின் மின்பலகை டிஸ்கில் எழுதுவதையெல்லாம் மறைகுறியாக்கி எழுதும், நாம் கடவுச்சொல் வைக்காவிட்டாலும். அந்தப் பலகை எரிந்தால் வெறும் டிஸ்கில் தெரிவது அர்த்தமில்லாத பைட்டுகள். அதே ரகப் பலகை வேறொன்று தேடியாகவேண்டும். மாமா வாங்கியது அந்த ரகம் அல்ல.

கோப்புகளைப் பிரதியிலிருந்து வெளியே எடுத்து அடுக்க இன்னும் ஒரு பகல் ஆயிற்று. அன்று மாலை அந்த மகன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி. நாற்காலி கொடுத்தும் உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றார். கர்ண மோட்சம், 1989 என்ற அறையில் பதினொரு கோப்புகள். முதலாவதை ஓடவிட்டேன்.

முதலில் கூட்டத்தின் இரைச்சல். ஒரு குழந்தை அழுகிறது. பிறகு மைக்குக்கு மிக அருகில் மாமாவின் குரல். ஊர் பெயர், தேதி, கிழமை, ஜமாவின் பெயர், "மழை வரலாம் போல் இருக்கிறது". ஒவ்வொரு ராத்திரியும் தொடக்கத்தில் இப்படிப் பேசிப் பதிவு செய்வார் என்று எனக்குத் தெரியாது. அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். அந்தப் பன்னிரண்டு நொடியை மூன்று தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவை, "தொண்டை கட்டிக்கிட்டு இருந்திருக்குது அன்னிக்கி. சொன்னா கேட்டாத்தானே" என்றாள்.

நான்காவது கோப்பில்தான் கர்ணன் திரைக்குப் பின்னால் வந்தார். முகவீணை ஏறியது. திரை விலகும் முன்பே பாட்டு. மகன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் தாளம் போட்டார். இரண்டு அடி போனதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"ஐயா, இந்த எடத்துல நாங்க இப்ப வேற மாதிரி எடுக்கறோம். அப்பா மேல தூக்கிட்டுப் போறாரு பாருங்க. எனக்குச் சொல்லிக்குடுக்கறப்போ அவருக்குத் தொண்டை போயிடுச்சி. எறக்கித்தான் சொல்லிக்குடுத்தாரு." மறுபடி போடச் சொன்னார். அவரும் கூடவே, மெல்ல, ஒரு முறை மேலே போய்ப் பார்த்தார். எட்டவில்லை. சிரித்துக்கொண்டார்.

அவருக்கு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒலிக் கோப்புகள் சிறியவை, சிக்கலில்லை. வீடியோவும் கேட்டிருந்தால், பென் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் 32 முறை ஒரு கோப்புக்கு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. அங்கேயும் அதே 32 பிட்.

இப்போது மாமாவின் கூத்துகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. எட்டு டெராபைட் டிஸ்க் அக்கா வீட்டில். இன்னொரு பிரதி பெங்களூரில். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு பட்டியலாக வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஓட்டி ஒப்பிடுவதாக ஏற்பாடு. டிஸ்குகளின் மேல் தாள் ஒட்டி, ஜிபிடி, செக்டர் 512, எக்ஸ்ட்4, சாட்டாவில் பாகம் பிரித்தது என்று தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பிறகு பார்க்கிறவனுக்கு எந்தக் கோல் என்று தெரிய வேண்டுமல்லவா?

பரணில் மாமா தூக்கிப் போடாமல் விட்ட தகரப்பெட்டி ஒன்று போன மாதம் கிடைத்தது. அதில் முப்பத்தெட்டு கேசட். பெயர் எழுதாதவை. டெக்கின் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சென்னையில் பெல்ட் கிடைக்கும் கடை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறேன்.